அரைச்சாமியின் மனைவி

நான் பிஷப் ஹவுஸ் என்கிற ஆயர் இல்லத்தில் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. மிஷின்தான் மூன்று முறை மாறி இப்போது கம்ப்யூட்டர் ஆகியிருக்கிறது. சாமியார்களின் மாற்றல் உத்தரவு, கல்யாண அனுமதி, பள்ளிக்கூடங்களுக்குக் கண்டிப்பு எல்லாம் என் விரல் வழியாகத்தான் வெளியே போகும். இத்தனை வருடத்தில் அடித்த கடிதங்களில் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக் கிழிக்கலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், யோசிக்கவே மாட்டேன். தையல்காரியின் சம்மதக் கடிதத்தை எடுப்பேன்.

தையல்காரி என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட கடையை நினைத்துவிட வேண்டாம். சாவி வெட்டுகிற கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஓர் இடுக்கு. ஒருவர் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். புதிதாகத் தைப்பது குறைவு. பெரியதைச் சின்னதாக்குவாள், சின்னதைப் பெரியதாக்குவாள், ஜிப் மாற்றுவாள். வாய் மட்டும் கடையைவிடப் பெரியது. "நீங்க சொல்றது கல்யாணத்தப்போ இருந்த இடுப்பு சார், இன்னைக்கு இருக்கறதைச் சொல்லுங்க" என்று ஒரு கல்லூரிப் பேராசிரியரையே மூச்சை வெளியே விடச் சொன்னவள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இவருக்குத்தான் போன் வரும். கையில் கிரீஸ், இடுப்பில் ஸ்பேனர் பை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் மாறிவிடுவார். வெள்ளை அங்கி போட்டு, இடது தோளிலிருந்து குறுக்காகப் பட்டை அணிந்து, பீடத்தில் பங்குச் சாமிக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் திருத்தொண்டர்.

எங்கள் சபையில் குரு என்றால் கல்யாணம் கிடையாது. திருத்தொண்டர் மட்டும் குடும்பஸ்தராக இருக்கலாம். அவர் நற்செய்தி வாசிக்கலாம், பிரசங்கம் செய்யலாம், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணத்தை ஆசீர்வதிக்கலாம், இறந்தவரை அடக்கம் பண்ணலாம், நோயாளிக்கு வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுபோகலாம். பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூச முடியாது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தெருவில் அவருக்கு 'அரைச்சாமி' என்று பேர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாதி கிணறாவது தாண்டியிருக்கேனே" என்று சிரிப்பார். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வரப்போவதைப் படிக்கும்போது எனக்கு வந்ததுபோல உங்களுக்கும் அவர்மேல் ஆத்திரம் வரும்.

கல்யாணமானவருக்குத் திருத்தொண்டர் பட்டம் கொடுக்க வேண்டுமானால் மனைவி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதற்கு எங்கள் அலுவலகத்தில் ஏழு வாசகம் கொண்ட ஒரு படிவம். பேரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பேன். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் கையெழுத்துப் போட வந்தாள். தோளில் ஒரு வயதுக் குழந்தை, கத்திக்கொண்டிருந்தது. வெளியே ஆயரின் கார் கிளம்பத் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் போவதற்குள் ஐந்து கடிதம் உள்ளே போயாக வேண்டும். அவள் ஒரு கையால் தாளைப் பிடித்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். நான் தாளின் அடியில் விரலை வைத்து, "எல்லாம் வழக்கமான வாசகம்தாம்மா, இங்க போடுங்க" என்றேன். போட்டாள்.

ஐந்தாவது வாசகம் இது: 'என் இறப்புக்குப் பிறகு என் கணவர் மறுமணம் செய்ய இயலாது என்பதை அறிந்தே இச்சம்மதத்தைத் தருகிறேன்.' கல்யாணமானவர் திருத்தொண்டர் ஆகலாம், திருத்தொண்டர் ஆனபின் கல்யாணம் பண்ண முடியாது. சட்டம் அவ்வளவுதான். முப்பது வயதுப் பெண்ணுக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தாலும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று பல நாள் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். சமாதானம் ஆகவில்லை. படித்துக் காட்டாதது நான்.

அந்தக் குழந்தைக்கு மூன்று வயதானபோதுதான் விஷயம் தெரிந்தது. நடக்காது, பேசாது, தன் கையால் சாப்பிடாது. எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயதாகி அம்மாவின் தோளுக்கு வளர்ந்த பிறகும் பாப்பாதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், தையல்காரி ஆஸ்பத்திரிக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

"அக்கா, என் லெட்டரை எடுங்க."

"எந்த லெட்டரும்மா?"

"வழக்கமான வாசகம்னு சொன்னீங்களே, அது."

கணையத்தில் கட்டி, மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து, புருஷனிடம், "அழுதது போதும். நான் போனதும் பாப்பாவுக்காக ஒரு நல்லவளைப் பாத்துக் கட்டிக்குங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அது முடியாதேம்மா. நீதான் தெரிஞ்சு கையெழுத்துப் போட்டிருக்கியே" என்றாராம். பதினொரு வருடமாக அவர் அவளுக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் பீரோவைத் திறந்து கோப்பை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஐந்தாவது வாசகத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். தாளை மேஜையில் வைத்து, "படிக்காம போட்ட கையெழுத்து செல்லாதுன்னு எழுதித் தரேன், வாங்கிக்குங்க" என்றாள்.

ஆயரின் செயலர் சாமியிடம் கூட்டிக்கொண்டு போனேன். சட்டம் படித்தவர், அதிர்ந்து பேசாதவர். பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கையெழுத்தை வெச்சு அவர் பட்டத்தை அழிக்க முடியாதும்மா. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உங்களுக்கு அப்புறம், மன்னிக்கணும், மறுமணத்துக்கு விலக்கு குடுங்கன்னு அவர் மேலிடத்துக்கு எழுதறது. எனக்குத் தெரிஞ்சு இங்க யாருக்கும் அது கிடைச்சதில்ல. இன்னொண்ணு, பட்டமே வேணாம்னு எழுதிக் குடுக்கறது. அதை இப்பவே குடுக்கலாம். ஆயர் உடனே பணியிலேர்ந்து விடுவிச்சுடுவாரு. பேப்பர் மேலிடத்துக்குப் போயி பதில் வந்ததும் அவர் எல்லாரையும்போல ஒரு ஆளு. ஆனா அவர்தான் எழுதணும்."

"நான் கையெழுத்துப் போட்டுத்தானே உள்ள விட்டேன் சாமி. நானே போட்டு வெளிய எடுக்க முடியாதா?"

"முடியாதும்மா."

"உள்ள போக நான் வேணும், வெளிய வர நான் வேணாமா? நல்லா இருக்கு உங்க கதவு."

மேலிடம் என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னால் அது வானத்தில் இருப்பவர் இல்லை. கடல் தாண்டி இருக்கிற பெரிய அலுவலகம். அங்கிருந்து பதில் வர ஒரு வருடமும் ஆகும், மூன்று வருடமும் ஆகும். அவளுக்கு இருந்தது இரண்டரை மாதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குற்ற உணர்ச்சி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். பாப்பாவை வெளியே கொண்டுபோவதென்றால் அவர்தான் தோளில் தூக்கிப் படி இறங்குவார். ஊட்டுவதும் அவர்தான். தூங்கவைப்பதும் அவர்தான். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் பாப்பா பெரியவளாகியிருந்தாள். அன்றிலிருந்து குளிக்கும்போதோ துணி மாற்றும்போதோ ஆண் வாடை பட்டால் போதும், மூச்சு நின்று உதடு நீலமாகும்வரை கத்துவாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னது, தெரியாது. நான் போன நேரம் தையல்காரி ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் குளியலறைக்கு வெளியே கையில் துண்டோடு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. அவரால் போக முடியவில்லை. நான்தான் ஓடினேன். தையல்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள், பாப்பாவின் தலை மட்டும் இடித்துவிடாமல் மடியில். தூக்கப் போன என் கையைப் பாப்பா கடித்துவிட்டாள்.

"புது ஆள் கை பிடிக்காது அக்கா. கோச்சுக்காதீங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு.

கேட்கக்கூடாததைக் கேட்டேன். "இதுக்கு ஒரு ஆள் வெச்சா போதாதாம்மா? மனைவின்னா ஆயா வேலைக்கா ஆள் எடுக்கறது?"

"ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தி நாலு நாள், ஒருத்தி ரெண்டு நாள். விடுதியில கேட்டோம், தானா சாப்பிடற பிள்ளையைத்தான் சேப்பாங்களாம். எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல. அவருக்கு ஒரு அக்கா, அவங்களையே தூக்கி உக்கார வைக்க ஆள் வேணும். வேலைக்கு வர்றவ ஏழு மணி ஆனா செருப்பை மாட்டிடுவா அக்கா. 'இது என் பொண்ணு'ன்னு சொல்லிக்கிட்டு அங்கயே கிடக்கற ஒருத்தி வேணும். அப்படி ஒருத்தி வருவாளான்னு தெரியாது. வந்தா கதவு தொறந்திருக்கணும் இல்ல?"

அவர் துண்டை நீட்டிக்கொண்டே, "ஆண்டவர் பாத்துக்குவார்மா" என்றார்.

"ஆண்டவர் வந்து துணி மாத்துவாரா?" என்றாள். அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை. "சொல்லுங்க. பிரசங்கத்துல எல்லாத்துக்கும் பதில் வெச்சிருப்பீங்களே."

"பீடத்துக்கு முன்னாடி குப்புறப் படுத்து வாக்குக் குடுத்திருக்கேன். உன் கஷ்டத்துக்கு ஒரு வாக்கு, என் கஷ்டத்துக்கு ஒரு வாக்குன்னு மாத்திக்க முடியுமா?"

"எனக்கும் ஒரு நாள் அதே பீடத்துக்கு முன்னாடிதான் வாக்குக் குடுத்தீங்க. அது முதல்ல."

பேசிப் பேசி ஒரு மாதம் போனது. கடை சாத்தியாயிற்று. மிஷினை மாடிக்குத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டார்கள். கடைசியில் அவர் ஒரு படி இறங்கி வந்தார். "சரி, எழுதறேன். ஆனா ஒண்ணு. உன்னை நான்தான் அடக்கம் பண்ணுவேன். எத்தனையோ பேர் பொண்டாட்டிக்கு நான் செஞ்சிருக்கேன், என் பொண்டாட்டிக்கு வேற யாரும் செய்யக்கூடாது. அது முடிஞ்சு மறுநாள் எழுதித் தரேன்."

"மறுநாள் எழுத மாட்டீங்க" என்றாள். "எனக்கு உங்களைத் தெரியும். அங்கி போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே என்னை அடக்கம் பண்ணுவீங்க. ஊரே பாத்து அழும். எவ்வளவு பெரிய மனுசன்னு கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கும். அதுக்கப்புறம் அந்த அங்கியைக் கழட்ட உங்களுக்கு மனசு வராது. நான் உயிரோட இருக்கும்போதே எழுதுங்க. என்னை யாரு வேணா புதைக்கட்டும்."

அவர் எழுதவில்லை.

அடுத்து அவள் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அவர் நற்கருணைச் சிமிழைச் சட்டைப்பைக்குள் நெஞ்சோடு வைத்து மூன்று மாடி ஏறி வருவார். கோயிலிலிருந்து வீடுவரை வழியில் யாரிடமும் பேச மாட்டார். தையல் மிஷின்மேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபம் சொல்லி, அப்பத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "கிறிஸ்துவின் உடல்" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். "எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க கையால வேணாம்."

அப்பத்தைச் சிமிழில் திரும்ப வைத்து மூடினார். ஒரு திருத்தொண்டருக்கு, அதுவும் வீடு வீடாக நோயாளிகளுக்குக் கொண்டுபோவதைத் தன் உயிராக நினைத்தவருக்கு, இதைவிடப் பெரிய அடி கிடையாது. அவளுக்கும்தான். ஒரு ஞாயிறு தவறினால் வாரம் முழுக்க எரிந்து விழுகிறவள் அவள். தன் பசியையே ஆயுதமாக எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை அவளுக்கு நோயில் பூசுதல் கொடுக்கப் பங்குச் சாமி வந்தார். எண்ணெய் பூசுவதற்குத்தான் அரைச்சாமிக்கு அதிகாரம் இல்லையே. சாமி பூசி முடித்து நற்கருணையை நீட்டினார். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். புருஷன் பக்கத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகு உருகி விரலில் சொட்டியது, அவர் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அவர் கொண்டுவந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நான் போனபோது இரண்டாம் மாடிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார், கை நெஞ்சுப் பையைப் பொத்தியிருந்தது. மேலே போகத் தைரியம் இல்லை, கோயிலுக்குத் திரும்பவும் மனமில்லை.

"அக்கா" என்றார். "லிஃப்ட் வேலை வயித்துக்கு. இது ஒண்ணுதான் நானு. இதையும் எடுத்துட்டா நான் யாரு? நாளைக்கு எவனாவது செத்தா, அங்க போயி நான் என்னன்னு நிப்பேன்?"

எனக்கு அப்போது வந்த கோபம் அவர்மேலா என்மேலா, இன்றுவரை தெரியாது. "நீங்க யாருன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம்" என்றேன். "அவகிட்ட வாசகத்தை மறைச்சுக் கையெழுத்து வாங்கினது நான். கார் கிளம்புதுன்னு அவசரப்பட்டு விரலை வெச்சு இங்க போடுன்னு சொன்னது நான். தெரிஞ்சு போட்டாள்னு பதினொரு வருஷமா நினைச்சிருந்தீங்களே, அவ தெரிஞ்சு போடல. தப்பு பண்ணினது நான், பட்டினி கிடக்கறது அவளா?"

மேலே பாப்பா கத்தத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துணி மாற்றுகிற நேரம் அது. முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும் சத்தம், அன்றைக்கு இருபது நிமிடமாகியும் அடங்கவில்லை. தையல்காரியின் கையில் அவ்வளவுதான் பலம் மிச்சம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தார். நான் அடித்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'திருத்தொண்டர் பணிகள் அனைத்திலிருந்தும் என்னை விடுவிக்குமாறும்' என்ற இடத்தில், "அனைத்திலிருந்தும்னா அடக்கமும் சேந்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கிரீஸ் கறை படிந்த கட்டைவிரல் தாளின் ஓரத்தில் பதிந்துவிட்டது. வேறு தாளில் அடிக்கட்டுமா என்றேன். வேண்டாம், இன்னொரு தடவை போட முடியாது என்றார்.

ஆயர் வெளியூர் போயிருந்தார். அவசரம் என்று சொல்லி அன்றே யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். நான் அந்தக் கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆயர் பார்க்காதவரை அவர் இன்னும் திருத்தொண்டர்தான். ஒரு ஞாயிறு அவருக்கு வேண்டியிருந்தது. செயலர் சாமிக்கு இது இன்றுவரை தெரியாது, தெரிந்தால் தெரியட்டும்.

அந்த ஞாயிறு அவர் மிஷின்மேல் துணி விரிக்கும்போதே அவள், "எழுதிட்டீங்களா?" என்றாள். தலையாட்டினார். என்னைப் பார்த்தாள். "படிச்சுக் காட்டினீங்களா அக்கா?"

"ஒரு எழுத்து விடாம."

"அப்பக் குடுங்க."

விழுங்குவதே கஷ்டமாக இருந்தது. நகக்கண் அளவு கிள்ளி வைத்தார். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். அவள் கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "என்மேல கோவமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார்.

"எனக்கும்தான். எவளோ ஒருத்தி வந்து என் மிஷின்ல உக்காருவா, பாப்பாவை எம்பொண்ணும்பா. நினைச்சா கட்டி வலிக்கறதைவிட அதிகமா வலிக்குது. நான் ஒண்ணும் தியாகி இல்ல. வேற வழி தெரியல, அவ்வளவுதான்."

அவர் அங்கேயே கட்டில் ஓரத்தில் தலையை வைத்து அழுதார். அவள் அவர் முடியைக் கோதவில்லை, கை தூக்க முடியவில்லை. கை இருந்த இடத்துக்கு அவர் தலையை நகர்த்திக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆயர் கையெழுத்துப் போட்டார். ஒன்பது நாள் கழித்து, காலையில் பாப்பாவுக்குத் துணி மாற்றிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தன்று செயலர் சாமி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். "அங்கியைப் போட்டுக்கோங்க. ஒரு நாள்தானே. ஆயர்கிட்ட நான் சொல்லிக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். பெரிய மனதோடுதான் சொன்னார். அரைச்சாமி, இப்போது அந்தப் பேரும் இல்லாதவர், ஒரு நிமிடம் அந்த அங்கி தொங்குகிற அலமாரியைப் பார்த்தார். "அவ என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு சாமி" என்று சொல்லிவிட்டு, மேல்சட்டையும் பேண்ட்டுமாக வந்து, முதல் பெஞ்சில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பங்குச் சாமி பூசை வைத்தார். நற்செய்தி வாசிக்கிற நேரத்தில் இவர் தன்னையறியாமல் பாப்பாவோடு எழுந்து ஓரடி முன்னால் வைத்துவிட்டு, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்பதைப் பார்த்து அப்படியே நின்றுகொண்டார்.

கடைசி ஜெபத்துக்குப் பெட்டியைச் சுற்றிச் சாமி தண்ணீர் தெளிக்கத் தொடங்கியபோது பாப்பாவின் உடை நனைந்து, பெஞ்சிலிருந்து சொட்டியது. இரத்தமும் இருந்தது. பாப்பா கத்தினாள். கோயில் முழுக்கப் பெண்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி ஜெபப் புத்தகத்தைப் பார்த்தாள், ஒருத்தி தரையைப் பார்த்தாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, நானும் ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே ஓடினார். பிறகுதான் எழுந்து ஓடினேன்.

கோயில் மண்டபத்துக் கழிப்பறைக்குள் என்னிடம் பாப்பாவைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கடித்தாள். முடியைப் பிடித்து இழுத்தாள். சேலையெல்லாம் நனைந்துவிட்டது. எனக்குக் குழந்தை வளர்த்த பழக்கம் இல்லை, கல்யாணமே பண்ணாதவள். எங்கே பிடிப்பது, எதை முதலில் கழற்றுவது, எதுவும் தெரியாமல் நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். வெளியே மணி அடித்தது. பெட்டி கிளம்புகிறது என்று அர்த்தம். "மெதுவா செய்ங்க அக்கா, அவசரம் இல்ல" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

அன்று ஆரம்பித்தது, இன்றும் காலை ஆறரைக்குப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போகிறேன். கடிப்பதை விட்டுவிட்டாள். மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. நான்தான் மாதம் ஒரு நினைவூட்டல் அடித்து அனுப்புகிறேன். பதில் வரும்வரை அவர் சாமியும் இல்லை, கட்டிக்கொள்ளலாம் என்ற ஆளும் இல்லை. வந்தாலும் அந்த வீட்டுக்கு யார் வருவாள் என்று தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது. மூன்றாம் மாடி ஏறினால் முட்டி இரண்டும் பேசுகின்றன. சில நாள் படியில் உட்கார்ந்து, எனக்கு அப்புறம் இவளுக்கு யார் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அடக்கத்தன்று நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பெட்டியை இறக்கிவிட்டார்கள். பங்குச் சாமி அங்கியை மடித்துக்கொண்டு, "உங்களைத் தேடினேன், நேரமாச்சுன்னு ஜெபத்தை முடிச்சிட்டேன்" என்றார். அவர் தலையாட்டினார். தோளில் பாப்பா சாய்ந்திருந்தாள்.

குழிவெட்டுகிற கிழவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பதினொரு வருடமாக இந்தத் தோட்டத்தில் பாதிப் பேரை அரைச்சாமிதான் அடக்கம் பண்ணியிருக்கிறார். அவர் கடைசி வார்த்தை சொல்லித் தலையசைத்த பிறகுதான் கிழவர் முதல் மண்ணைப் போடுவார். சாமியார் முடித்துவிட்டுப் போனது அவருக்கு ஒரு கணக்கே இல்லை. இவரைப் பார்த்ததும் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போதும்போலக் காத்திருந்தார்.

இவர் குழிக்குள் பார்த்தார். வாய் திறந்தது. அந்த ஜெபம் அவருக்குத் தூக்கத்திலும் வரும், எனக்குத் தெரியும். 'சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள்' என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"நான் இல்லங்க" என்றார் கிழவரிடம். "நான் வீட்டுக்காரன் மட்டும்தான். நீங்க மூடுங்க."